ரெண்டாவது தடவை கேப்பாங்க

எங்க வீட்டுக்காரர் எதையாவது மறைக்கறாருன்னா சாப்பாட்டுத் தட்டுலயே தெரிஞ்சுடும். அன்னிக்கு வேலை விட்டு வந்தவரு, கை கால் கழுவிட்டு உக்காந்து சோத்தைப் பிசையறாரு, பிசையறாரு, பிசைஞ்சுக்கிட்டே இருக்காரு. வாய்க்கு ஒரு பிடி போகலை.

"என்ன விஷயம்?"னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லை"ன்னாரு.

ஒண்ணுமில்லைன்னு இவர் சொன்னா என்னமோ இருக்குன்னுதான் அர்த்தம். நான் கரண்டியைக் கீழ வெச்சேன். நான் கரண்டியைக் கீழ வெச்சா இவருக்குக் கொஞ்சம் பயம் வந்துடும். மெல்ல வாயைத் திறந்தாரு.

இவரு வேலை பாக்கறது ஒரு பெரிய சலவை ஆலையில. ஓட்டல், ஆஸ்பத்திரின்னு எங்கெங்க இருந்தோ போர்வையும் துண்டும் வண்டி வண்டியா வரும். துவைச்சு, உலர்த்தி, இஸ்திரி போட்டு, மடிச்சு அனுப்பணும். உள்ள போனா நீராவியில மூச்சு முட்டும். இஸ்திரி மெஷின்ல இந்தப் பக்கம் ஈரப் போர்வையோட நுனியைக் குடுத்தா அந்தப் பக்கம் விறைப்பா, சுடச்சுட வந்து விழும். அதைப் பிடிச்சு மடிக்கிறதுதான் இவரோட வேலை. ஒப்பந்த ஆளு. ஒப்பந்தம் முடிய முடிய புதுப்பிப்பாங்க, மனசு வரலைன்னா வீட்டுக்குப் போன்னுடுவாங்க. மேற்பார்வை பாக்கற அம்மாவுக்கு எந்நேரமும் காதுல ஒரு பென்சில் செருகியிருக்கும். அதனால வீட்டுல நாங்க அவங்களைப் பென்சிலம்மான்னுதான் சொல்லுவோம்.

"பென்சிலம்மா ரூமுக்குக் கூப்பிட்டாங்க. இஸ்திரிப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளரைப் போடறாங்களாம். நிரந்தர வேலையாம். நீங்க எடுத்துக்கறீங்களான்னு கேட்டாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"எனக்கு எதுக்குங்க, எத்தனையோ பேர் இருக்காங்க, எனக்கு இதுவே போதும்னு சொன்னேன்."

"அதுக்கு அவங்க?"

"சரி, புரியுதுன்னாங்க. கையைக் குலுக்கி அனுப்பிட்டாங்க."

நான் அப்படியே உக்காந்துட்டேன். பக்கத்துல வீட்டுப்பாடம் எழுதிக்கிட்டிருந்த எங்க சின்னப் பொண்ணு, நெத்தியில கையை வெச்சுக்கிட்டா.

நிரந்தர வேலைங்கிறது எங்களுக்கு வெறும் வேலை இல்லை. எங்க பெரிய பொண்ணை ஊர்லயே என் தம்பி வீட்டுல விட்டுட்டு வந்திருக்கோம். நாங்க கிளம்பும்போது அவளுக்குப் பள்ளிக்கூடத்துல முக்கியமான வருஷம். படிப்பு கெட்டுடக் கூடாது, கொஞ்ச நாள்ல கூப்பிட்டுக்கலாம்னு நினைச்சோம். இந்த நாட்டுல வந்து இறங்கினப்புறம்தான் தெரிஞ்சது, அப்பாவுக்கோ அம்மாவுக்கோ நிரந்தர வேலை இருந்தாதான் பிள்ளையைக் கூப்பிட முடியும்னு. அதுவும் அவளுக்குப் பதினெட்டு வயசு முடியறதுக்குள்ள கூப்பிடணும். முடிஞ்சுட்டா அவ தனி ஆளு, எங்க பிள்ளைங்கிற கணக்குல வரமாட்டா. அவளுக்கு வர்ற குளிர்காலத்துல பதினெட்டு. இந்த மனுஷன் என்னடான்னா, வீடு தேடி வந்த லட்சுமியை எனக்கு எதுக்குங்கன்னு அனுப்பி வெச்சுட்டு வந்து சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டு இருக்காரு.

"நீ கவலைப்படாதே. ரெண்டாவது தடவை கேப்பாங்க"ன்னாரு.

"அப்பா, இங்க ரெண்டாவது தடவையெல்லாம் கிடையாது"ன்னா சின்னவ.

"அதெப்படிம்மா? எடுத்த எடுப்புலயே சரின்னு சொன்னா, அலையறான்னு நினைக்க மாட்டாங்களா?"

இவரை மட்டும் சொல்லி என்ன பிரயோஜனம், நம்ம வளர்ப்பே அதுதானே. ஒருத்தர் வீட்டுக்குப் போறோம், சாப்பிடறீங்களான்னு கேக்கறாங்க. இப்பதான் சாப்பிட்டு வந்தேன்னு சொல்லணும். வயித்தைப் பசி கிள்ளினாலும் சொல்லணும். அவங்க, அட ஒரு வாய் சாப்பிடுங்கன்னு மறுபடியும் கேக்கணும். பரவாயில்லைங்கன்னு நாம இழுக்கணும். மூணாவது தடவை அவங்க கையைப் பிடிச்சு இழுத்து உக்கார வைப்பாங்க, அப்ப உக்காரலாம். ரெண்டு பக்கமும் ஆட்டம் தெரிஞ்சிருந்தா நல்ல ஆட்டம்தான். இங்க நாம மட்டும் ஆடிக்கிட்டு இருக்கோம்.

நானும் பட்டுத் தெளிஞ்சவதான். நான் ஒரு முதியோர் இல்லத்துச் சமையலறையில காய் நறுக்கறேன். சேர்ந்த முதல் நாள், கூட வேலை பாக்கற பொண்ணு ஒரு கேக்கைக் கொண்டு வந்து, எடுத்துக்கோன்னா. காலையில இருந்து பச்சைத் தண்ணி பல்லுல படலை எனக்கு. இருந்தாலும் விட்டுக்குடுக்க முடியுமா, வேணாம், பரவாயில்லைன்னு சிரிச்சேன். சரின்னு அவளும் சிரிச்சுட்டு, என் எதிர்லயே உக்காந்து முழுசையும் தின்னு விரலை நக்கினா. பாவி, ஒரு துண்டுக்காகவாவது இன்னொரு தடவை கேட்டிருக்கக் கூடாதான்னு வீடு வரைக்கும் அவளைத் திட்டிக்கிட்டே வந்தேன். அதுக்கு நேர்மாறா, கீழ் வீட்டம்மா ஒரு நாள் வந்தப்ப காப்பி குடிக்கிறீங்களான்னு கேட்டேன், வேணாம்னாங்க. சும்மா சொல்றாங்கன்னு போட்டுக் குடுத்தேன். மறுபடியும் வேணாம்னாங்க, கையில திணிச்சேன். அவங்களுக்குக் காப்பி ஆகாதாம். பயந்துபோய்க் குடிச்சுட்டு ராத்திரியெல்லாம் தூக்கமில்லாம நடந்திருக்காங்க. காலடிச் சத்தம் எங்களுக்கே கேட்டுது. அதோட நான் அந்த ஆட்டத்தை மூட்டை கட்டி வெச்சுட்டேன்.

இவரால முடியலை. இவரு அப்பா அம்மாவைச் சின்ன வயசுலயே இழந்து பெரியப்பா வீட்டுல வளர்ந்தவரு. அங்க கேட்டு வாங்கிச் சாப்பிட்ட பிள்ளைங்க அந்த வீட்டுப் பிள்ளைங்க. இவரு வேணாம்னு சொன்னாதான் நல்ல பையன்னு பேரு. அந்த நல்ல பேரை இன்னிக்கு வரைக்கும் சுமந்துக்கிட்டுத் திரியறாரு. என் கையால சாப்பிடும்போதுகூட, சோறு போட வந்தா போதும் போதும்னு தட்டு மேல கையை வெச்சு மறைப்பாரு. விரலுக்கு நடுவுல இடம் விட்டுத்தான் மறைப்பாரு. நான் அந்த இடுக்கு வழியா போட்டுடுவேன், அவரும் சாப்பிட்டுடுவாரு. கல்யாணமான நாள்ல இருந்து இதே கூத்து.

மறுநாள் சாயங்காலம் கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே கேட்டேன். "கேட்டாங்களா?"

"வணக்கம் சொன்னாங்க"ன்னாரு, அதுவே ஏதோ பெரிய சேதி மாதிரி.

அதுக்கடுத்த நாள், பென்சிலம்மா இவரோட மெஷின் பக்கம் வந்து நின்னாங்களாம். இவரு துணியை விட்டுட்டு நிமிர்ந்து நின்னாராம். அவங்க மெஷின் உருளையோட சூட்டைப் பாத்துட்டுப் போயிட்டாங்களாம். இப்படியே அந்த வாரம் போச்சு. நான் வேலையில காயை நறுக்கறேனா விரலை நறுக்கறேனான்னு எனக்கே தெரியலை.

அடுத்த வாரம் வந்து சொன்னாரு, "மீசைக்காரரைக் கேட்டிருக்காங்களாம். யோசிச்சு வெள்ளிக்கிழமை சொல்றேன்னு சொல்லியிருக்காராம்."

மீசைக்காரர் இவருக்கு அடுத்த மெஷின்ல நிக்கறவரு. அவரும் வேற ஏதோ தேசத்துல இருந்து எங்களுக்கு முன்னாடியே வந்தவரு.

"நல்ல மனுஷன்"னு வேற சொன்னாரு இவரு. "அவருக்கும் குடும்பம் இருக்கு."

எனக்கு வந்தது பாருங்க கோபம். "ஆமாங்க, எல்லாரும் நல்ல மனுஷங்கதான். நீங்க எல்லாரையும் விட நல்ல மனுஷன். அந்த நல்ல பேரைக் கொண்டுபோய் விமான நிலையத்துல காட்டுங்க, பொண்ணை அனுப்பறாங்களான்னு பாப்போம். அழுத பிள்ளைதான் பால் குடிக்கும். நீங்க அழவும் மாட்டீங்க, என் பிள்ளையையும் பட்டினி போடுவீங்க."

சின்னவ எழுந்து பக்கத்து ரூமுக்குப் போயிட்டா. இவரு தரையைப் பாத்துக்கிட்டே, "எனக்குக் கேக்க வரலை. தொண்டை வரைக்கும் வருது, வாய்க்கு வரலை"ன்னாரு. கண்ணு கலங்கியிருந்தது. எனக்கு அவரைப் பாக்கப் பாவமா இருந்தது. அதுக்காகக் கோபமும் போகலை.

அன்னில இருந்து எங்க வீட்டுல ஒரு புதுச் சட்டம் போட்டேன். வாயைத் திறந்து வேணும்னு சொன்னாதான் சோறு. போதும்னு கையை வெச்சா, சரின்னு பானையை மூடிடுவேன். முதல் நாள் ஒரு கரண்டிச் சோத்தோட எழுந்தாரு. நான் பல்லைக் கடிச்சுக்கிட்டு விட்டுட்டேன். ராத்திரி சமையல் ரூம்ல பிஸ்கட் டப்பா திறக்கற சத்தம் கேட்டுது, கேக்காத மாதிரி படுத்திருந்தேன்.

ரெண்டாவது நாள், "இன்னும் கொஞ்சம் இருந்தா..."ன்னு இழுத்தாரு.

"இருந்தா?"

"போடலாம்."

"யாருக்குப் போடலாம்? பக்கத்து வீட்டுக்காரருக்கா?"

சின்னவளுக்குச் சிரிப்பு தாங்கலை. "அப்பா, நேரா சொல்லுங்க. எனக்குச் சோறு வேணும். அவ்வளவுதான்."

"எனக்கு..."ன்னாரு. அதுக்கு மேல வரலை. கூச்சத்துல காதெல்லாம் சிவந்துபோச்சு. ஒரு மனுஷனுக்கு அவரோட சொந்த வீட்டுல, அவரு உழைச்ச சோத்தைக் கேக்க இவ்வளவு கூச்சமான்னு எனக்கு ஆத்திரம் வந்தது. அந்தப் பெரியப்பா வீட்டுச் சோத்தையெல்லாம் நினைச்சு வயிறு எரிஞ்சுது. கடைசியில கண்ணை மூடிக்கிட்டு, "எனக்குச் சோறு வேணும்"னு சொல்லிட்டாரு. நான் தட்டு நிறையப் போட்டேன். மிச்சம் வைக்காம சாப்பிட்டாரு.

வியாழக்கிழமை எனக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சுது. நேரா சலவை ஆலைக்குப் போயிட்டேன். வேலை விடற மணி அடிச்சு எல்லாரும் வெளிய வந்துக்கிட்டிருக்காங்க, இவரும் பையை மாட்டிக்கிட்டு வராரு. என்னைப் பாத்ததும் நின்னுட்டாரு.

"நாளைக்கு அந்த மனுஷன் பதில் சொல்லிடுவாரு. இன்னிக்கே போய்க் கேளுங்க. நான் இங்க நிக்கறேன்."

"நீயும் வாயேன்."

"நான் வந்தா நான் பேசிடுவேன். நீங்க பேசணும்."

பென்சிலம்மாவோட ரூமுக்குப் பாதிச் சுவர் கண்ணாடி. நான் துணி வண்டிங்களுக்கு நடுவுல நின்னு பாத்துக்கிட்டிருந்தேன். உள்ள இவரு நிக்கறாரு. அந்தம்மா உக்காரச் சொன்னாங்க போல, இவரு வேணாம்னு தலையை ஆட்டறாரு. போச்சு, ஆரம்பிச்சுட்டாருன்னு நான் தலையில அடிச்சுக்கிட்டேன். அப்புறம் என்ன தோணுச்சோ, நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு. பேசினாரு. கையை மடியில வெச்சுக்கிட்டு, தலை குனியாம பேசினாரு. அந்தம்மா காதுல இருந்து பென்சிலை எடுத்து மேசை மேல வெச்சுட்டு, இவரு பேசறதைக் கேட்டாங்க.

வெளிய வந்தவரு, கிளம்பிக்கிட்டிருந்த மீசைக்காரர்கிட்ட போய் என்னமோ பேசிட்டு, அப்புறம் என்னோட வாசலுக்கு நடந்தாரு. எனக்கு உசிரே போகுது. தெருவுக்கு வந்தப்புறம்தான் நின்னாரு.

"எனக்கு அந்த வேலை வேணும்னு சொன்னேன். அப்ப ஏன் வேணாம்னு சொன்னீங்கன்னு கேட்டாங்க. எங்க பக்கம் முதல் தடவை அப்படித்தான் சொல்லுவோம், நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு காத்திருந்தேன்னேன். அவங்களுக்கு ஒண்ணும் புரியலை. நான் உங்க வார்த்தையை மதிச்சுத்தானே மறுபடி கேக்கலைன்னாங்க."

"அப்புறம்?"

"என் பொண்ணைக் கூப்பிடணும், அதுக்கு வேணும்னேன். மீசைக்காரர் இன்னிக்கு மத்தியானமே வந்து, அவருக்கு இந்தப் பொறுப்பெல்லாம் வேணாம்னு சொல்லிட்டுப் போயிட்டாராம். நாளையில இருந்து நான்தான்."

"அவரு நிஜமாவே வேணாம்னாரா, இல்லை நம்மளை மாதிரியா?"

"அதை நானும் அவர்கிட்டயே கேட்டேன். ரெண்டு தடவை கேட்டேன். தலைவலி பிடிச்ச வேலைன்னு சிரிக்கிறாரு"ன்னாரு. அந்த நேரத்துலயும் போய்க் கேட்டுட்டு வந்திருக்காரு பாருங்க, அதுதான் எங்க வீட்டுக்காரர். நடுத்தெருவுல நின்னு நான் அழுதுட்டேன். போறவங்க வர்றவங்க பாத்தாங்க, பாத்துட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஊருக்குப் போன் போட்டோம். மூணு பேரும் ஒரே சோபாவுல நெருக்கி உக்காந்துக்கிட்டோம். திரையில பெரியவ வந்தா. என் தம்பி வீட்டுக் கட்டிலோட ஓரத்துல, முதுகு நேரா உக்காந்திருந்தா. நான் மூச்சு விடாம எல்லாத்தையும் கொட்டினேன்.

"ரொம்ப சந்தோஷம்மா"ன்னா. சிரிச்சா. "அப்பா கஷ்டப்பட்டதுக்குக் கிடைச்சுது."

"இனிமே என்ன, உனக்கு எல்லாம் ஏற்பாடு பண்ணிடலாம். பரீட்சை முடிஞ்ச கையோட கிளம்பிடு."

"இல்லம்மா. நான் எதுக்கு? இங்கயே இருந்துக்கறேன். எனக்கு இதுவே போதும்."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. அப்படியே அப்பாவை உரிச்சு வெச்சிருக்கான்னு நினைச்சேன். "அடிப்போடி, உங்கப்பா பொண்ணுதானே நீ. ஒழுங்கா மூட்டையைக் கட்டு."

"மாமா இங்கயே காலேஜ் சேத்து விடறேன்னு சொல்றாங்கம்மா. ஃபிரெண்ட்ஸ் எல்லாம் இங்கதானே இருக்காங்க."

"ஃபிரெண்ட்ஸ் இங்கயும் கிடைப்பாங்க. உனக்குன்னு கட்டில் போட இடம்கூடப் பாத்து வெச்சிருக்கோம். வாம்மா, கண்ணு. என் தங்கமில்ல."

அவ முகத்துல இருந்த சிரிப்பு போயிடுச்சு. "அம்மா, நான் ஒப்புக்குச் சொல்லலை. நீ மூணு தடவை கேட்டுட்ட, நானும் மூணு தடவை சொல்லிட்டேன். நிஜமாவே வரலை."

இந்த ஒண்ணுக்காகத்தானே இந்த மனுஷனைப் பட்டினி போட்டு, தெருவுல நிறுத்தி, படாத பாடு படுத்தினேன். எல்லாம் கூடி வந்தப்புறம் பிள்ளை வரலைங்கறா.

இவரு என் கையில இருந்து போனை வாங்கிக்கிட்டாரு.

"அப்பா, நீங்க வருத்தப்படாதீங்க"ன்னா அவ. "உங்க மூணு பேருக்கும் அங்க பழகிடுச்சு. நான் நடுவுல வந்து இடைஞ்சலா எதுக்கு? இங்க எல்லாரும் என்னை நல்லாத்தான் பாத்துக்கறாங்க. நான் எதையும் கேக்கறதில்லை, யாருக்கும் தொந்தரவும் இல்லை."

அதைக் கேட்டதும் இவரு முகம் மாறிப்போச்சு. இத்தனை வருஷத்துல அப்படி ஒரு முகத்தை நான் பாத்ததில்லை. சரிம்மா, உன் இஷ்டம்னு சொல்லிடப் போறாருன்னு பயந்து நான் போனைப் பிடுங்கக் கையை நீட்டினேன். என் கையைத் தள்ளி விட்டுட்டாரு.

"அம்மாடி, நான் நேரா சொல்றேன், கேட்டுக்கோ. உனக்கு அங்க நல்லதா, இங்க நல்லதா, எனக்குத் தெரியாது. எனக்கு நீ வேணும். நீ இல்லாம இந்த வீட்டுல எனக்குச் சோறு இறங்கலை. நீ எனக்கு இங்க வேணும்."

லைன் போயிடுச்சோன்னு சின்னவ எட்டிப் பாத்தா. லைன் இருந்தது. பெரியவ உதட்டைக் கடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, கண்ணுல தண்ணி கொட்டுது.

"கிளம்பற அன்னிக்கு, நீ இங்க இருந்துக்கறியாம்மான்னு கேட்டீங்க இல்லப்பா"ன்னா. "பரவாயில்லைப்பா, இருந்துக்கறேன்னு சொன்னேன். நீங்க இன்னொரு தடவை கேப்பீங்கன்னு நினைச்சேன்ப்பா."

நான் அவரு முழங்கையைப் பிடிச்சுக்கிட்டேன்.

"இப்பக் கேக்கறேன்மா. வர்றியா?"

அவ அழுதுக்கிட்டே தலையை ஆட்டினா.

"வாயால சொல்லுக்கா"ன்னா சின்னவ.

"வரேன்பா"ன்னா.